கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்தவள்

சாயங்காலம் தையல் மெஷினை மூடியதும் ஜிப்பக்கா துணிகளை இரண்டாகப் பிரிப்பாள். மெஷினில் ஓட்ட வேண்டியவை நாற்காலிக்குப் போகும். பொத்தான் தைக்க வேண்டிய சட்டை, கொக்கி வைக்க வேண்டிய பாவாடை, கையால் மடித்துப் பிடிக்க வேண்டிய பேன்ட் எல்லாம் கட்டிலுக்கு வரும். கட்டிலில் குவிவதற்கு அவள் வைத்த பெயர் ‘கேக்குற துணி’. மெஷின் ஓடினால் காதில் ஒன்றும் விழாது. ஊசியும் நூலும் என்றால் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் அவள் கணவர் நாவல் வாசித்தார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, அவர் கண் கெடும்வரை நிற்கவில்லை.

சுற்றியுள்ள தெருக்களில் யாருடைய பையில் ஜிப் அறுந்தாலும் அவளிடம்தான் வரும். ஜிப்பக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவள் கணவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். பகலெல்லாம் முக்காலியில் உட்கார்ந்து மேலேயும் கீழேயும் போய்வந்தபடி பழைய நாவல்களைப் படிப்பார். நூறு வருஷத்துக்கு முந்தியவை, தலையணை மாதிரி தடித்தவை.

“புது நாவலெல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நான் யார் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?” என்பார்.

பகலில் தனக்குள் படித்த பக்கங்களைத்தான் சாயங்காலம் வீட்டில் சத்தமாக வாசிப்பார். “மூணாவது அத்தியாயம்” என்று அவர் அறிவிக்கும்போது, கதவு திறக்கும், இறங்க வேண்டியவர்கள் இறங்கலாம் என்பதுபோல இருக்கும்.

ஜிப்பக்கா நாவலைச் சும்மா கேட்க மாட்டாள். அதில் வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்பாள். ஒரு நாவலில் ஒரு படைத்தளபதி காதலியின் ஜன்னலுக்குக் கீழே கொட்டும் மழையில் நின்று உருகி உருகிப் பேசினான். “முதல்ல உள்ள வந்து தலையைத் துவட்டச் சொல்லுங்க. நாளைக்குக் காய்ச்சல் வந்தா இவன் அம்மா இல்ல பாக்கணும்?” என்றாள். இன்னொன்றில் ஒரு குதிரை செத்துப்போனது. “மனுஷன் செத்தா நாலு பக்கம் அழறாரு இந்த ஆளு. குதிரைக்கு ஒரே வரியா?” என்று அந்த எழுத்தாளரோடு ஒரு வாரம் கோபமாக இருந்தாள். புத்தகத்தின் தலைப்புகள் அவளுக்கு நினைவில் நிற்காது. குதிரை நாவல், கப்பல் நாவல், மரவியாபாரி நாவல் என்றுதான் சொல்வாள்.

கதையின் போக்கு வாடிக்கையாளர்களுக்கும் தெரிந்துவிடும். ஒருமுறை மருந்துக்கடைக்காரர் பேன்ட்டோடு திரும்பி வந்தார்.

“அக்கா, ஒரு காலை அப்படியே மூடித் தைச்சிட்டீங்க. நான் எப்படிப் போடுறது?”

“கொடுங்க, பிரிச்சுத் தரேன். அன்னைக்குன்னு பார்த்து கப்பல் முழுகிடுச்சு.”

“எந்தக் கப்பல்?”

“அது ஒரு கப்பல். விடுங்க.”

எல்லாவற்றிலும் அவளுக்கு மிகவும் பிடித்தது மரவியாபாரி நாவல். பெரிய மரவியாபாரி ஒருவர், மூன்று மகன்கள், ஒரு பெரிய வீடு. மூத்தவன் சூதாடி, இளையவன் நோயாளி, நடுவில் உள்ளவன் அப்பா சொன்ன பெண்ணைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பவன். கடைசியில் வியாபாரம் நொடித்து வீடு ஏலத்துக்குப் போகும். மரவியாபாரிக்குக் கடிகாரப் பைத்தியம், வீடு முழுக்கக் கடிகாரம். அவற்றுக்குச் சாவி கொடுக்க வாரம் ஒருமுறை பக்கவாசல் வழியாக ஒரு பெண் வருவாள். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகள். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் அவள் வருகிறாள். விரலெல்லாம் எண்ணெய் என்பதால், சிரிப்பு வந்தால் மணிக்கட்டால் வாயை மறைத்துக்கொள்வாள். உட்காரச் சொன்னாலும் “இருக்கட்டும்” என்பாள், டீ கொடுத்தாலும் “இருக்கட்டும்” என்பாள். அவள் வரும் நாளில் நடுமகன் மாடிப்படியில் ஏதோ வேலை இருப்பதுபோல உட்கார்ந்திருப்பான். அவள் சாவி கொடுப்பாள், போய்விடுவாள். அவ்வளவுதான். நாவல் முழுக்க அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது.

“ஒண்ணுமே நடக்கலையே. ஆனா நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்குது?” என்று ஜிப்பக்கா ஊசியை நிறுத்திக் கேட்டிருக்கிறாள்.

கப்பல் நாவலிலும் அதே மாதிரி ஒருத்தி உண்டு. துறைமுகத்தில் பாய் தைப்பவள், கையில் தார், அதனால் மணிக்கட்டால் வாயை மூடிச் சிரிப்பாள். குதிரை நாவலில் தானியக் கடைப் பெண், கையெல்லாம் மாவு. எல்லோரும் “இருக்கட்டும்” என்பார்கள்.

“என்னங்க இது, எல்லா நாவல்லயும் இப்படி ஒருத்தி வந்துடுறாளே?”

“பெரிய எழுத்தாளருங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தோணும்” என்றார் லிஃப்ட்காரர், பக்கத்தைத் திருப்பியபடி. “அப்படி ஒருத்தி இல்லேன்னா அது நாவலே இல்லை.”

அவள் நம்பினாள். சட்டை என்றால் காலர் இருப்பதுபோல, பெரிய நாவல் என்றால் அப்படி ஒருத்தி இருப்பாள் என்று எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்காகவே அடுத்த நாவலுக்குக் காத்திருந்தாள். அவள் இன்னும் வரவில்லையே என்று தேடுவதும், வந்ததும் நிம்மதியாக நூல் கோப்பதுமாகவே ஜிப்பக்காவின் கல்யாண வாழ்க்கையின் பெரும்பாலான சாயங்காலங்கள் போயின.

பிறகு லிஃப்ட்காரரின் கண் கெட்டது. பார்வையின் நடுப்பாகம் போய்விட்டது, ஓரம் மட்டும் இருக்கும் என்றார் டாக்டர். “எதைப் பாக்கணும்னு நினைக்கிறேனோ, அது மட்டும் தெரியலை” என்றார் இவர். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முகத்துக்குப் பக்கத்தில் உள்ள காலியிடத்தைப் பார்க்க வேண்டும். மனைவியிடம் பேசும்போது அவள் தோளுக்கு அடுத்தாற்போல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அங்கே பார்த்துப் பேசினார். ஆரம்பத்தில் ஜிப்பக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். அப்பாவுக்கென்று ஒரு போனில் நாவல் வாசிக்கும் குரல்களை ஏற்றிக் கொடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இந்தம்மா மூச்சே விடாம படிக்குதே, பயமா இருக்கு” என்று அணைத்துவிட்டார்.

“நான் வாசிக்கிறேன்” என்றாள் ஜிப்பக்கா.

“நீயா? உனக்குத் தையல் இல்லையா?”

“தையல் எங்க ஓடிப்போகுது? இத்தனை வருஷம் நீங்க வாசிச்சீங்க, இப்ப என் முறை.”

“அப்ப ஏதாவது புதுசா எடு. இதெல்லாம் தெரிஞ்ச கதைதானே.”

அவள் மரவியாபாரி நாவலை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள்.

சொந்தமாக வாசித்தபோது நாவல் வேறு மாதிரி இருந்தது. எழுத்தாளர் மேசை நாற்காலிக்குக்கூட அரைப் பக்கம் கொடுத்தார். மரச்சட்டங்களின் வகை, துறைமுகத்துச் சட்டதிட்டம் என்று இழுத்தார். “இதையெல்லாம் நீங்க வாசிச்சதே இல்லையே” என்றாள். “உன்னைத் தூங்கவிடாம இருக்கத்தான்” என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது.

கடிகாரங்கள் வந்தன. எங்கெங்கே என்னென்ன கடிகாரம் என்று எழுத்தாளர் சொல்லிக்கொண்டே போனார். ஜிப்பக்காவின் குரல் கொஞ்சம் வேகமெடுத்தது. இதோ வரப்போகிறாள். ‘வேலைக்காரன் வாரம் ஒருமுறை அவற்றுக்குச் சாவி கொடுத்தான்’ என்று ஒரு வரி வந்தது. அதற்கு அடுத்த வரியில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

அவள் அந்த வரியை மனசுக்குள் திரும்பப் படித்தாள்.

“என்னங்க, அந்தக் கடிகாரப் பொண்ணு எப்ப வருவா?”

“வருவா, வருவா. நீ வாசி.”

வாசித்தாள். வியாபாரியின் பிறந்தநாள் வந்தது, மூத்தவன் தோற்ற பந்தயம் வந்தது, இளையவனின் இருமல் வந்தது. அவள் வரவில்லை. ஜிப்பக்கா பக்க எண்களைச் சரிபார்த்தாள். ஒரு தாளும் கிழியவில்லை, ஒட்டிக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் லிஃப்ட்காரர் கீழே வெயிலில் உட்காரப் போயிருந்தபோது அவள் மெஷினைத் திறக்கவில்லை. மரவியாபாரி நாவலைக் கடைசிவரை விரல் வைத்துத் தேடினாள். கப்பல் நாவலை எடுத்தாள். துறைமுகத்தில் பாய் தைத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். குதிரை நாவலில் தானியக் கடை இருந்தது. கடையில் ஒரு காது கேட்காத கிழவர் உட்கார்ந்திருந்தார். அலமாரியின் கீழ்த்தட்டுவரை தேடினாள். அப்படி ஒருத்தியை எந்த எழுத்தாளரும் எழுதியிருக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒரு கோட்டோடு நின்றாள்.

“உக்காருங்க அக்கா, நானே போட்டுக் காட்டுறேன். டீ போடட்டுமா, உங்க வீட்லயே?” என்று விளையாட்டாகக் கேட்டாள்.

“இருக்கட்டும்” என்றாள் ஜிப்பக்கா.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. கோட்டுக்காரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஜிப்பக்காவுக்கும் சிரிப்பு வந்தது. எதிரே போட்டுப் பார்க்கும் கண்ணாடியில் தன் கை எழுந்து, விரல்களை வெளியே மடக்கி, மணிக்கட்டால் வாயை மூடுவதைப் பார்த்தாள். அவள் விரலில் எண்ணெய் இல்லை, தார் இல்லை, மாவும் இல்லை. சுத்தமான கை. இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவளால் இயல்பாக இருக்க முடியவில்லை. சிரிப்பு வந்தால் பாதியில் விழுங்கினாள். கதவருகே ஒருக்களித்து நின்றால், இது என் நிற்பா அந்தக் கடிகாரப் பெண்ணின் நிற்பா என்று யோசனை வந்தது. லிஃப்ட்காரர் தோளுக்குப் பக்கத்தில் பார்த்துப் பேசும்போது மறுபடியும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. ஆனால் இத்தனை காலம் அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்து தன்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு முறையும் யாரைப் பார்த்தார் என்று கேள்வி வந்துவிட்டால், அதற்குப் பிறகு சுவரைச் சுவர் என்று நம்புவது கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். “அப்பா சரியான ஆளு! நூறு வருஷத்துப் புத்தகத்துல ஆளை இறக்கிவிட்டிருக்காரே. லிஃப்ட்ல ஏத்திட்டு வந்திருப்பாரு.”

“விளையாடாதடி.”

“அம்மா, அது நீதாம்மா. சின்ன வயசுல நான் மேசைக்கு அடியில படுத்துக்கிட்டுக் கேப்பேன்ல? அப்பவே எனக்குத் தெரியும். அவ உன்னை மாதிரியே பேசுவா, உன்னை மாதிரியே சிரிப்பா. அப்பா உன்னைத்தான் கதையில வச்சிருக்காரு. இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு.”

“இல்லடி. அவ என்னை மாதிரி இல்லை, நான்தான் அவளை மாதிரி.”

“எப்படிச் சொல்றே?”

“எங்க வீட்ல யாரும் ‘இருக்கட்டும்’னு சொல்ல மாட்டோம். வேணாம்னா வேணாம்னுதான் சொல்வோம். கல்யாணமாகி வந்தப்ப நான் பல்லைக் காட்டித்தான் சிரிப்பேன், உங்க அத்தை அதுக்கே ஏசியிருக்காங்க. அப்பவே அவ நாவல்ல வந்துட்டா. எனக்கு முன்னாடியே வந்துட்டா.”

மகள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். “சரி, யாரோ ஒருத்தி. எப்பவோ பார்த்த யாரோ. லிஃப்ட்ல தினம் எத்தனை பேரு ஏறி இறங்கியிருப்பாங்க? கேட்டுடேன் அப்பாகிட்ட.”

“கேட்டா சொல்லுவாரா?”

“சொல்ல மாட்டாரு” என்று மகள் ஒத்துக்கொண்டாள்.

ஜிப்பக்காவுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் யாரோடு எங்கே நின்றார், என்ன பேசினார் என்பதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய சமாச்சாரம், கேட்டு ஆகப்போவது இல்லை. ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாததால்தான் அந்தப் பெண் எல்லாப் புத்தகத்திலும் புகுந்துகொண்டாள், கடைசியில் தன் கைக்குள்ளும் வாய்க்குள்ளும் வந்துவிட்டாள். பெயர் தெரிந்துவிட்டால் அவள் வேறொரு ஆளாகிவிடுவாள். அப்போது ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான் என்று துணியைப் பிரிப்பதுபோலப் பிரித்துவிடலாம் என்று ஜிப்பக்கா நினைத்தாள்.

சாயங்கால வாசிப்பை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் ஏன் என்று கேட்பார், அல்லது கேட்காமல் இருப்பார். இரண்டுமே அவளுக்கு வேண்டாம். ஒருநாள் வாசித்துக்கொண்டே போனபோது ஒரு முழு அத்தியாயம் வந்தது, அவள் முன்பு கேட்டே இராதது. நடுமகனின் மனைவியைப் பற்றியது. லிஃப்ட்காரரின் வாசிப்பில் அந்தப் பெண் ‘நடுமகனின் மனைவியும் வந்திருந்தாள்’ என்ற அளவுக்குத்தான் வருவாள். புத்தகத்தில் அவள் பேசினாள், கோபப்பட்டாள், மாமனாரைக் கிண்டல் செய்தாள். கணவன் வாயைத் திறக்காத வீட்டில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, இவன் எதையோ மறைக்கிறான், நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் இவன் பொய் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்தாள்.

ஜிப்பக்கா அந்த வரியில் நின்றுவிட்டாள். பிறகு அத்தியாயத்தை முடித்தாள்.

“இந்த அத்தியாயத்தை நீங்க வாசிக்கவே இல்லையே.”

லிஃப்ட்காரர் கட்டிலின் விளிம்பைத் தடவினார். “அது கொஞ்சம் நீளம்.”

“கப்பல் முழுகினது இதைவிட நீளம். அதை ரெண்டு தடவை வாசிச்சீங்க.”

“அது நீ கேட்டே.”

“இப்படி ஒருத்தி இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே கேப்பேன்?”

அவர் டீ இருக்கிறதா என்று கேட்டார். அவள் போய்ப் போட்டுக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அதோடு சரி.

கடிகாரக்காரி புகுந்ததுகூட ஜிப்பக்காவுக்குப் பரவாயில்லை. அவளுக்கு இடம் வேண்டும் என்று ஒரு மனைவியை மொத்தமாகக் கத்தரித்துப் போட்டிருக்கிறார். அதுவும் எழுத்தாளர் இவ்வளவு பாடுபட்டு எழுதிய ஒருத்தியை. அந்த எழுத்தாளர்மேல் அவளுக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. செத்து நூறு வருஷமானவர், முன்பின் தெரியாதவர், ஆனால் அந்த மனைவியை உட்காரவைத்து, நீ சொல் அம்மா என்று கேட்டிருக்கிறார்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தார்கள். வீடு ஏலம் போகும் அத்தியாயம். லிஃப்ட்காரர் வாசித்தபோது கடிகாரக்காரி கடைசி முறையாக வருவாள். வீடு விற்றாகிவிட்டது என்று தெரிந்தும் எல்லாக் கடிகாரத்துக்கும் சாவி கொடுத்துவிட்டுப் பக்கவாசல் வழியாகப் போவாள். நடுமகன் படியில் நின்று பார்ப்பான், பேச மாட்டான். ஜிப்பக்கா அதற்கு ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறாள். புத்தகத்தில் அப்படி இல்லை. கூலியாட்கள் கடிகாரங்களைத் தூக்கிப் போகிறார்கள். காலியான கூடத்தில் நடுமகனும் அவன் மனைவியும் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். குளிருகிறதா என்று அவன் கேட்கிறான்.

அதுவரை எழுதியிருந்தபடியே வாசித்தாள். லிஃப்ட்காரர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பிறகு அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குரலை மாற்றாமல், மேலே போனாள்.

“‘அப்போது பக்கவாசல் கதவு திறந்தது. கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கும் பெண் உள்ளே வந்தாள்.’”

லிஃப்ட்காரரின் கண் திறந்தது.

“‘கூடத்தில் கடிகாரம் ஒன்றுகூட இல்லை. அவள் சுவரில் கடிகாரம் இருந்த இடங்களைப் பார்த்தாள். விரலில் எண்ணெய் இருந்தது. நடுமகனின் மனைவி எழுந்து, உட்காரம்மா என்றாள். இருக்கட்டும் என்றாள் அவள்.’”

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஜிப்பக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், திருப்ப வேண்டிய இடம் அது இல்லை என்றாலும்.

“‘நடுமகனின் மனைவி சொன்னாள்: நீ இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறாய். என் வீட்டுக்காரர் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. போகிற நேரத்தில் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. உன் பெயர் என்ன?’”

தெருவில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் நின்றதும் தொடர்ந்தாள்.

“‘அந்தப் பெண் நடுமகனைத் திரும்பிப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்றாள்.’” புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். “இதுக்கு மேல எனக்கு எழுத்துத் தெரியலைங்க. கண்ணை ஏதோ மறைக்குது. அவ பேர் என்ன? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே.”

லிஃப்ட்காரர் அவளைப் பார்க்க முயன்றார். முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார், கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார், ஓரத்துக்குள் அவளைக் கொண்டுவர. அவருடைய உதடு ஒருமுறை பிரிந்தது. ஏதோ ஓர் எழுத்தில் ஆரம்பிக்கப்போவதுபோலத்தான் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

“கோபப்பட மாட்டேன்” என்றாள். “பேர் மட்டும்.”

அவர் கட்டிலிலிருந்து இறங்கினார். செருப்பைக் காலால் தேடினார், கிடைக்கவில்லை, விட்டுவிட்டார். ஒரு கையைச் சுவரில் வைத்து அலமாரியைத் தாண்டி, மெஷினைத் தாண்டி, நாற்காலியில் குவிந்திருந்த துணியில் இடித்து, நிதானித்து, நிலைப்படியைத் தடவிக் கண்டுபிடித்து, அறையைவிட்டு வெளியே போனார்.